4 வயது மகன் எதற்கெடுத்தாலும் "மாட்டேன்" என்கிறான், அடிக்காமல் வழி இருக்கிறதா?

செங்காங்_கவி எழுதியது:

வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது, பாலர்பள்ளியில் கே1 வகுப்புக்குப் போகிறான். எது சொன்னாலும் "மாட்டேன்". குளிக்க வா, மாட்டேன். சாப்பிடு, மாட்டேன். இன்று காலை ஷூவில் ஆரம்பித்தது. பள்ளிப் பேருந்து 7.20க்குக் கீழே வந்துவிடும். ஷூ போடுப்பா, ஷூ போடுறியா, டேய் ஷூ போடு என்று எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவன் ஒரு ஷூவை லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்த் திரும்பி வருகிறான். கடைசியில் நான் கத்திய கத்தில் எதிர்வீட்டு மலாய் அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார். அவன் பேருந்தில் அழுதுகொண்டு போனான், நான் லிஃப்டில் அழுதுகொண்டு மேலே வந்தேன்.

முந்தாநாள் சூப்பர்மார்க்கெட்டில் சாக்லேட் முட்டை கேட்டுத் தரையில் படுத்து உருண்டான். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்கிறார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டேன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. அத்தை எங்களோடு இருக்கிறார்கள், "நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்பார்கள், ஆனால் அவன் அழுதால் முதலில் ஃபோனை எடுத்து நீட்டுவதும் அவர்கள்தான்.

மனத்தைக் குத்துவது என்னவென்றால், பள்ளியில் டீச்சர் சொன்னால் கேட்கிறானாம். அங்கே பேசியபோது "பெற்றோர் பயிற்சி இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றார்கள். பிள்ளை அடம்பிடிக்கிறான், வகுப்பு எனக்கா? யாராவது போயிருக்கிறீர்களா?

ஈசூன்_குமார் எழுதியது:

மளிகைக் கடையில் பிரம்பு விற்கிறது, வாங்கிச் சுவரில் மாட்டி வையுங்கள், பாதி நேரம் தொடவே வேண்டியிருக்காது. நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், கெட்டுப் போகவில்லை. கோபப்படாதீர்கள் அக்கா, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். 4 வயதில் வளைக்காததை 14 வயதில் வளைக்க முடியாது.

உட்லண்ட்ஸ்_அப்பா எழுதியது:

கவி, "வகுப்பு எனக்கா" என்று 3 வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டேன், அதுவும் கொஞ்சம் முறைப்பாகவே. மகளுக்கு அப்போது மூன்றரை வயது. குடும்ப சேவை நிலையத்தில் இருந்த ஆலோசகர் திருப்பி ஒன்று கேட்டார்: "பிள்ளை வாரத்தில் என்னோடு எத்தனை மணி நேரம், உங்களோடு எத்தனை மணி நேரம்?" அதோடு என் வாய் அடைத்துவிட்டது. வாரம் ஒரு மணி நேரம் பார்க்கிறவர் பிள்ளையை மாற்றுவதைவிட, மீதி நேரமெல்லாம் கூட இருக்கிறவனுக்குக் கற்றுக்கொடுப்பதுதானே முறை. உங்களிடம் குறை இருக்கிறது என்பதற்காக உங்களைக் கூப்பிடவில்லை.

அந்தச் சாக்லேட் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு முட்டை கிடைத்தது. உங்களுக்கும் ஒன்று கிடைத்தது, அழுகை நின்றது. "உருண்டால் கிடைக்கும்" என்று நீங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், "கொடுத்தால் நிற்கும்" என்று அவன் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்கு ஆட்களை அனுப்பி, குடும்பத்தில் யார் என்ன சொன்னார், அடுத்து யார் என்ன செய்தார் என்று வரி வரியாகக் குறித்து இந்தச் சுழலைக் கண்டுபிடித்தார். 1982இல் புத்தகமாகவும் வந்தது. ஷூவிலும் அதேதான் நடக்கிறது, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. எட்டாவது தடவை கத்தியதும் அவன் போட்டான், அதனால் "கத்தினால் வேலை நடக்கும்" என்று உங்களுக்குப் பதிந்துவிட்டது. அவனோ எட்டாவதுதான் நிஜமான தடவை, முதல் ஏழையும் விட்டுவிடலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டான்.

வகுப்பில் தண்டனை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, முதல் சில வாரம் விளையாட்டுத்தான். தினமும் 5 நிமிடம், ஃபோன் வேறு அறையில், பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் விளையாட்டு. நாம் கேள்வி கேட்கக் கூடாது, இதைச் செய் என்று சொல்லக் கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை செய்வதை நேர்முக வர்ணனை மாதிரி சொல்லலாம், அது பேசுவதைத் திருப்பிச் சொல்லலாம், அதைப்போலவே செய்யலாம், எது நன்றாக இருக்கிறதோ அதைப் பெயர் சொல்லிப் பாராட்டலாம். கேட்க எளிது. முதல் நாள் மகள் கட்டைகளை வரிசையாக அடுக்கி எம்ஆர்டி ரயில் கட்டினாள், நான் "இது என்ன கலர்? இது எத்தனை? இது எந்த ஸ்டேஷன்?" என்று தொடங்கிவிட்டேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள், 5 நிமிடத்தில் 23 கேள்வி! விளையாட்டைப் பரீட்சை ஆக்கியிருந்தேன். இரண்டாவது வாரம் "நீ நீலக் கட்டையைச் சிவப்பு மேலே மெதுவாக வைக்கிறாய்" என்று மட்டும் சொன்னேன், அவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த 5 நிமிட விளையாட்டு ஷீலா ஐபெர்க் என்பவர் 1970களில் உருவாக்கிய முறையில் இருந்து வந்தது, 2 முதல் 7 வயது வரைக்கும் செய்வார்கள். அசல் முறையில் பெற்றோர் காதில் சின்னக் கருவி மாட்டிக்கொண்டு பிள்ளையோடு விளையாடுவார், பயிற்றுநர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து "இப்போது பாராட்டுங்கள்", "இதைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு அது இல்லை, குழுவாக உட்கார்ந்து பேசி வீட்டில் பழகினோம். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மேட் சாண்டர்ஸ் தொடங்கிய ட்ரிப்பிள் பி என்ற பெற்றோர் பயிற்சித் திட்டமும் உண்டு. 2014இல் நம் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு பள்ளிகள் வழியாகக் கொண்டுவந்தது அதைத்தான். முறைக்கு முறை பெயர் மாறுகிறது, உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: முதலில் உறவு, அப்புறம் கட்டளை. உறவை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் பிடித்தால் நிற்காது.

பாலர்பள்ளி_டீச்சர் எழுதியது:

பள்ளியில் கேட்கிறான், வீட்டில் கேட்பதில்லை என்று கவி வருத்தப்படாதீர்கள். பள்ளியில் எல்லாம் ஒரே மாதிரி நடக்கும், பொம்மைகளை எடுத்து வைக்காமல் அடுத்தது வராது, அது பிள்ளைகளுக்குத் தெரியும். பகல் முழுக்க அடக்கி வைத்ததை நம்பிக்கையான ஆளிடம்தான் கொட்டும். அது நீங்கள்.

13 வருடமாக 4 வயது வகுப்பில் இருக்கிறேன், கட்டளை பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். தமிழில் நமக்கு ஒரு பழக்கம், கட்டளையைக் கேள்வியாகச் சொல்வோம். "ஷூ போடுறியா?", "குளிக்கப் போலாமா?" பெரியவர்களுக்கு அது மரியாதை. 4 வயதுக்கு அது கேள்வி, "மாட்டேன்" என்பது அதற்குச் சரியான பதில்! கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளையை நாம் திட்டுகிறோம். அதேபோல "ஒழுங்கா இரு", "சமத்தா இரு" என்றால் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. "கையை மடியில் வை" என்றால் தெரியும். "ஓடாதே" என்பதைவிட "என் கையைப் பிடித்துக்கொண்டு நட". அப்புறம் அந்தப் போலீஸ் மாமா பிடித்துக்கொண்டு போவார் என்ற பேச்சு, தயவுசெய்து விட்டுவிடுங்கள். தொலைந்துபோனால் பிள்ளை யாரிடம் ஓட வேண்டுமோ அவரையே பூச்சாண்டி ஆக்குகிறோம்.

அடுப்படியில் இருந்து கத்தாமல் பக்கத்தில் போய்க் குனிந்து, கண்ணைப் பார்த்து, "கண்ணா, இப்போது ஷூ போடு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் மனத்துக்குள் 5 வரைக்கும் எண்ணுங்கள், வாயே திறக்காமல். இந்த 5 நொடிதான் எல்லாருக்கும் கஷ்டம், எனக்கும் முதல் வருடம் கஷ்டமாக இருந்தது. கையை ஷூ பக்கம் நீட்டினாலே "சொன்னதும் ஷூவை எடுத்தாயே, நல்லது" என்று சொல்லிவிடுங்கள். வெறும் "குட் பாய்" போதாது, எதற்காக என்று அவனுக்குப் புரிய வேண்டும்.

நம் வீடுகளில் பாராட்டினால் கண் பட்டுவிடும், தலைக்கனம் வரும் என்று பயப்படுவார்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பாராட்டால் கெட்டுப்போன பிள்ளை ஒன்றுகூட இல்லை.

தோபாயோ_பாட்டி எழுதியது:

எனக்கு 67 வயது, பேத்தி இந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். கவி, உன் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காலை 7 மணியில் இருந்து நீ வேலை முடிந்து வரும் வரைக்கும் பிள்ளையைப் பார்க்கிற ஆளுக்கு முட்டி வலி இருக்கும், சமையல் இருக்கும், அழுகைச் சத்தம் தாங்காது. ஃபோனைக் கொடுப்பது செல்லத்தால் இல்லை அம்மா, அலுப்பால். என் மருமகள் "பிள்ளையைக் கெடுக்காதீர்கள்" என்று சொன்னபோது எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமில்லை. அப்புறம் ஒரு நாள் அவள் வகுப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே தமிழில் சொன்னார்கள், புரிந்தது. அவள் சொன்னால் குத்தலாகத் தெரிந்தது, வெளியாள் சொன்னால் பாடமாகத் தெரிந்தது. ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சட்டம் இருந்தால், பிள்ளை எது லாபமோ அந்தக் கதவைத்தான் தட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போ.

ஈசூன்_குமார் எழுதியது:

எல்லாம் படித்தேன். ஒன்று கேட்கிறேன், சாலையில் கையை உதறிக்கொண்டு ஓடினால், தம்பியைக் கடித்தால், அப்போதும் வர்ணனையும் பாராட்டும்தானா? எங்காவது கண்டிப்பு வேண்டாமா?

உட்லண்ட்ஸ்_அப்பா எழுதியது:

வேண்டும் தம்பி, கட்டாயம் வேண்டும். சாலையில் ஓடினால் கையைப் பிடித்து இழுப்பதுதான், அங்கே என்ன பேச்சு. சிணுங்குவது, முகத்தைத் தூக்குவது மாதிரியானவற்றைத்தான் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வார்கள். கடிப்பது, அடிப்பது, சொன்னதைத் தெரிந்தே மறுப்பது இவற்றுக்கு டைம் அவுட் இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். இருட்டறையில் பூட்டுவது டைம் அவுட் இல்லை. சுவாரசியம் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நாற்காலி, எங்கள் வகுப்பில் 3 நிமிடம் சொன்னார்கள், கடைசியில் 5 நொடியாவது சத்தம் அடங்கியிருக்க வேண்டும். முன்கூட்டியே ஒரே ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்திருக்கும்போது உபதேசம் இல்லை, திட்டு இல்லை, ஏனென்றால் திட்டும் ஒரு கவனிப்புத்தான். முடிந்ததும் முதலில் சொன்ன வேலையை மறுபடி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து வேலையில் இருந்து தப்பித்துவிடும். அந்த 5 நிமிட விளையாட்டு இல்லாத வீட்டில் டைம் அவுட்டுக்கு அர்த்தமே இல்லை, நம்மோடு இருப்பது இனிப்பாக இருந்தால்தானே விலகி உட்காருவது உறைக்கும்.

பிரம்பு பற்றி. வீட்டில் பெற்றோர் பிள்ளையை அடிப்பது நம் ஊரில் பொதுவாகத் தடைசெய்யப்பட்டதில்லை, ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் இருவரும் 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 160,000 பிள்ளைகள் பற்றிய தகவலைச் சேர்த்துப் பார்த்தார்கள். கையால் அடிப்பதைப் பற்றியதுதான் அது, பிரம்பு பற்றிக்கூட இல்லை. அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகக் காணப்பட்டது, சொல் கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அடிக்க வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டது.

ஈசூன்_குமார் எழுதியது:

யோசித்தேன் அண்ணா. அப்பா என்னைப் பிரம்பால் அடித்த ஒரு நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவர் போட்டிருந்த பனியன்கூட ஞாபகம் இருக்கிறது. எதற்காக அடித்தார் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அப்பா மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அது. என் பையனுக்கு 2 வயது ஆகிறது, இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

மழலை_அம்மா எழுதியது:

இடையில் ஒன்று சொல்கிறேன், யாரும் சொல்லவில்லை. என் மூத்தவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான், எல்லாரும் அடம் என்றார்கள். நானும் ஒரு வருடம் அடம் என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்டு, அங்கிருந்து அனுப்பிய இடத்தில் பரிசோதித்தபோது காதுக்குள் நீர் கோத்திருந்தது, பேச்சும் பின்தங்கியிருந்தது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் பயிற்சிக்குப் போகும்போதே காது, பேச்சு இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தூக்கத்தையும் கணக்குப் போடுங்கள், 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். இரவு 11 மணிக்குத் தூங்கி 6.30க்கு எழுகிற பிள்ளையிடம் காலையில் எந்த உத்தியும் பலிக்காது. துறுதுறுப்பு அதிகம், கவனம் நிற்பதில்லை என்று மருத்துவர் சொன்னாலும் பயந்துவிட வேண்டாம், 6 வயதுக்குக் கீழே மருந்துக்கு முன்னால் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள்.

செங்காங்_கவி எழுதியது:

12 நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, ஆனால் நல்ல செய்தி இல்லை. நேற்று ஃபோன் இல்லை என்றதும் 35 நிமிடம் கத்தினான். முன்பெல்லாம் 10 நிமிடம்தான். கதவை உதைத்தான், அத்தையின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி எறிந்தான். அத்தை "இதுதான் உன் வகுப்பா" என்று கேட்டுவிட்டார்கள். விளையாட்டு மட்டும் நன்றாகப் போகிறது, அதுவரைக்கும் சந்தோஷம். மற்றதெல்லாம் தலைகீழ். நான் தப்பாகச் செய்கிறேனா?

உட்லண்ட்ஸ்_அப்பா எழுதியது:

தப்பாகச் செய்யவில்லை. இது நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. இதுவரைக்கும் 10 நிமிடம் கத்தினால் ஃபோன் வந்தது. இப்போது வரவில்லை. சரி, பத்தாது போலிருக்கிறது, கூட்டிப் பார்ப்போம் என்று பிள்ளை கூட்டிப் பார்க்கிறது. இந்த ஏற்றம் எதிர்பார்க்க வேண்டியதுதான், அடங்குவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு தடவை ஏறும். ஆபத்து எங்கே என்றால், 35ஆவது நிமிடத்தில் கொடுத்துவிட்டால் இனிமேல் விலை 35 நிமிடம் என்று ஆகிவிடும். என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை 50 நிமிடம் அழுதாள், நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே தோற்றிருப்போம். மூக்குக்கண்ணாடி எறிந்தது வேறு, அது கண்டுகொள்ளாமல் விடுகிற விஷயம் இல்லை, அதற்கு நாற்காலி.

உங்களால் தனியாகத் தாங்க முடியாவிட்டால் ஃபோன் விஷயத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு ஷூவை மட்டும் பிடியுங்கள். ஒன்றை ஜெயித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். 18 மாதம் முதல் 6 வயது வரைக்கும் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று இங்கே சுகாதார அமைச்சு சொல்கிறது, அதைச் சண்டை போட்டு அல்ல, "சாப்பிட்ட பிறகு ஒரு கார்ட்டூன்" என்று நேரம் குறித்துக் கொண்டுவாருங்கள்.

தோபாயோ_பாட்டி எழுதியது:

கவி, மூக்குக்கண்ணாடியை முதலில் சரிசெய்து கொடு. மாமியாரிடம் "உங்களுக்கு அடிபட்டதா அத்தை" என்று கேட்டாயா? கேட்டுவிட்டு அப்புறம் வகுப்புக்குக் கூப்பிடு.

செங்காங்_கவி எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது என்று வந்தேன். பாட்டி சொன்னபடி கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "கண்ணுக்கு மேலே லேசாகக் கீறிவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை" என்றார்கள். மூன்றாவது வகுப்பில் இருந்து என்னோடு வருகிறார்கள். குடும்ப சேவை நிலையத்தில் சேர்ந்தோம், சனிக்கிழமை காலையில் இருப்பதால் கணவரும் இரண்டு தடவை வந்தார். காதையும் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை.

சூப்பர்மார்க்கெட் இன்னும் சரியாகவில்லை. போன வாரம்கூடப் பாதிச் சாமானை வண்டியிலேயே விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முட்டை வாங்கவில்லை. கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து அவன் அழுது முடிக்கும் வரைக்கும் நானும் அங்கேயே இருந்தேன், யார் பார்த்தார்கள் என்று அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷூ விஷயம் சொல்கிறேன். இன்று காலை நான் ஒன்றும் சொல்லும் முன்னால் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தார்கள், "ராசா, இப்போ ஷூ போடு" என்றார்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணினார்கள், எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. நாலாவது விரலில் அவன் இடதுகால் ஷூவை எடுத்து வலதுகாலில் மாட்டினான். "பாட்டி சொன்னதும் போட்டியே" என்று அத்தை அவன் கன்னத்தைத் தொட்டார்கள். கால் மாறியிருக்கிறது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை, அப்படியே பேருந்தில் ஏற்றிவிட்டோம், 7.18க்கு.